புதுப்பிப்பு: 40 பிள்ளைகளோடு பண்ணைச் சுற்றுலா

முன்பு போட்ட திட்டத்தில் கை கழுவ 5 நிமிடம் ஒதுக்கியிருந்தேன்; பலர் சானிடைசர் போதாதா என்று கேட்டிருந்தீர்கள். போதாது. சாணம் ஒட்டிய கையில் அது சரியாக வேலை செய்யாது. கன்றுகளிடமிருந்து தொற்றும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற வயிற்றுப்போக்குக் கிருமி சானிடைசரில் உள்ள ஆல்கஹாலுக்குச் சாகாது. சோப்புப் போட்டு 20 விநாடி தேய்த்து, ஓடும் தண்ணீரில் அலச ஆளுக்கு ஒரு நிமிடம். இரண்டு குழாய் என்றால் 20 நிமிடம் ஆகிவிடும். முன்பதிவின்போதே குழாய்களை எண்ணச் சொல்லுங்கள்.

சாப்பாட்டை முதலில் முடித்துவிட்டு ஆட்டுக்கொட்டிலுக்குப் போவது உத்தமம். அகத்திக் கீரையைக் கொத்தாக, காம்பின் அடியைப் பிடித்து நீட்டட்டும். தனி இலை கொடுத்தால் விரலும் சேர்ந்து போகும். கறந்த பச்சைப்பாலை யார் அன்பாக நீட்டினாலும் வேண்டாம், காய்ச்சியது மட்டும். விரல் சூப்பும் பிள்ளைகளுக்குப் பக்கத்திலேயே ஒரு டீச்சர்.