தரம் 1 க்குப் போகும் மகன்: பள்ளிக்கூட நடைமுறைகள் பற்றிச் சில சந்தேகங்கள்

கொக்குவில் அம்மா கேட்கிறார்:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் மூத்தவன் வாற ஜனவரியில் தரம் 1 க்குப் போகிறான். நான் பிரதேச செயலகத்தில் வேலை செய்கிறேன். காலை 8.30 க்கு நிற்கவேண்டும், பின்னேரம் 4.15 க்குத்தான் வெளிக்கிடலாம். கணவருக்கு வவுனியாவில் வேலை, வெள்ளி இரவு வந்து ஞாயிறு திரும்பிவிடுவார். வீட்டில் மாமி இருக்கிறார். முழங்கால் வருத்தம், பள்ளிக்கூடம் மட்டும் நடந்து போக ஏலாது. போவதென்றால் காங்கேசன்துறை வீதியையும் கடக்கவேண்டும்.

பெற்றோர் கூட்டத்தில் ஒரு தாள் தந்தார்கள். 7.30 க்கு வாசல் பூட்டப்படும், தரம் 1 பிள்ளைகளுக்கு 11.30 க்குப் பள்ளி விடும், வராத நாளுக்குக் கடிதம் வேண்டும், பெற்றோர் வகுப்பறைப் பக்கம் வரக்கூடாது என்று வரிசையாக இருக்கிறது. ஏன், எப்படி என்பது அதில் இல்லை. கூட்டத்தில் கேட்கலாமென்றால் எனக்குப் பின்னால் நிறையப் பேர் நின்றார்கள்.

11.30 க்கு ஓட்டோவில் ஏற்றிவிடச் சொல்லலாமா? அதற்கு என்ன செய்யவேண்டும்? சாப்பாடு கட்டிக் கொடுப்பதா, பள்ளியில் கொடுப்பார்களா? முதல் கிழமை அழுதால் நான் லீவு போட்டு வெளியில் நிற்கலாமா? இன்னொன்று, அவன் குழப்படி செய்தால் மாமி "ரீச்சரிட்டச் சொல்லி அடி வாங்கித் தாறன்" என்று வெருட்டுகிறார். இப்போது பள்ளிக்கூடம் என்றாலே முகம் மாறுகிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

திருநெல்வேலி ஓட்டோ:

அக்கா, நான் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவன், அதனால் ஓட்டோ விசயத்தை மட்டும் சொல்கிறேன்.

ஆளைப் பிடிக்கும்போது விலையை முதலில் கேட்காதீர்கள். எத்தனை பிள்ளைகளை ஏற்றுகிறார் என்று கேளுங்கள். சொல்வதை நம்பாமல் ஒருநாள் 11.30 க்கு வாசலில் நின்று கண்ணால் பாருங்கள். சாரதியின் இரண்டு பக்கமும் பிள்ளைகள் தொங்கிக்கொண்டு வந்தால் அந்த ஓட்டோ வேண்டாம். வலது பக்கம் தடுப்புக் கம்பி போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். சின்னப் பிள்ளைகள் வலது பக்கத்தால் பாய்ந்து இறங்குவார்கள், அது வாகனம் வரும் பக்கம்.

ஓட்டோ இலக்கத்தையும் அவருடைய அடையாள அட்டைப் பிரதியையும் தொலைபேசி எண்ணையும் வாங்கி ஒன்றை வீட்டில் வையுங்கள், ஒன்றைப் பள்ளியில் கொடுங்கள். நல்ல ஆள் கோபிக்கமாட்டார். என்னிடம் எல்லாத் தாய்மாரும் வாங்கியிருக்கிறார்கள்.

ஓட்டோ பழுதாகிற நாளுக்கு என்ன ஒழுங்கு என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள். ரயர் காற்றுப் போனால் நான் வேறு ஓட்டோவைத் தனியாக அனுப்புவதில்லை. தாய்க்குப் போன் அடித்துச் சொல்லி, அவர் பள்ளிக்குச் சொன்ன பிறகு நானும் அந்த ஓட்டோவில் ஏறிப்போய்த்தான் பிள்ளைகளை எடுப்பேன். பிள்ளைக்கு என் முகம்தானே தெரியும்.

அண்ணன் கிழமைக் கடைசியில் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போவாரென்றால் பிள்ளையின் தலைக்கு அளவான ஹெல்மெட் ஒன்று வாங்குங்கள். தகப்பன் ஹெல்மெட்டோடும் முன்னுக்கு இருக்கும் பிள்ளை வெறுந்தலையோடும் போவதைத் தினமும் பார்க்கிறேன், மனம் பதறும்.

ஆரம்பப் பிரிவு ரீச்சர், இப்போது ஓய்வில்:

தங்கச்சி, தாளில் காரணம் எழுத இடமில்லை. தரம் 1 வகுப்பிலேயே நெடுங்காலம் நின்றவள் என்பதால் எனக்குத் தெரிந்த காரணங்களைச் சொல்கிறேன்.

நீங்கள் கேட்டவற்றில் பெரியது பிள்ளையை யாருடைய கையில் கொடுப்பது என்பதுதான். சீருடை, கொப்பி, சாப்பாடு எதில் பிழைத்தாலும் மறுநாள் திருத்தலாம். இதில் பிழைக்கக்கூடாது. பள்ளி தொடங்குமுன் ஒரு கடிதம் எழுதுங்கள். பிள்ளையின் முழுப்பெயர், அவனை எடுக்க அனுமதி உள்ளவர்களின் பெயர், அடையாள அட்டை எண், தொலைபேசி எண், ஓட்டோ இலக்கம் எல்லாவற்றையும் எழுதி நீங்களும் கணவரும் கையெழுத்து வைத்து, ஒன்றை அதிபருக்கும் ஒன்றை வகுப்பாசிரியருக்கும் கொடுங்கள். "இவர்களைத் தவிர வேறு யாரிடமும் பிள்ளையை விடவேண்டாம்" என்ற வரியும் இருக்கட்டும். இரண்டாவது ஆளாக அக்கம்பக்கத்தில் நம்பிக்கையான ஒருவரின் பெயரைச் சேருங்கள்.

ஏன் இவ்வளவு இறுக்கம் என்று நினைப்பீர்கள். ஒருநாள் சித்தப்பா என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வந்து பிள்ளையைக் கேட்டார். பிள்ளையும் "சித்தப்பா" என்று ஓடிப்போனது. உண்மையிலேயே சித்தப்பாதான். ஆனால் தாயும் தகப்பனும் பிரிந்திருந்த குடும்பம் அது, தாய் தந்த பட்டியலில் அவர் பெயர் இல்லை. பிள்ளையைக் காரியாலயத்தில் இருத்தி வைத்துத் தாய்க்குப் போன் அடித்தோம். அந்த மனிதர் வாசலில் நின்று கத்தினார், "சொந்தப் பிள்ளையைத் தராமல் வைத்திருக்கிறார்கள்" என்றார். தாய் ஓடிவந்து பிள்ளையைக் கட்டிப்பிடித்து அழுததைப் பார்த்தபிறகு எங்களுக்கு ஒரு சொல்லும் தேவைப்படவில்லை. பிள்ளைக்குத் தெரிந்த முகம் என்பது மட்டும் போதாது, தங்கச்சி. பட்டியலில் இருக்கவேண்டும்.

வகுப்பறைப் பக்கம் வரவேண்டாம் என்பதும் உங்களை ஒதுக்குவதற்காக அல்ல. ஜன்னலில் ஒரு தாயின் முகம் தெரிந்தால் அந்தப் பிள்ளை மட்டுமல்ல, பக்கத்து மேசைப் பிள்ளையும் தன் தாயைத் தேடி அழத் தொடங்கும். லீவு போடுவதென்றால் போடுங்கள், ஆனால் ஜன்னலில் நிற்பதற்காக வேண்டாம். அந்த லீவு 11.30 க்கு நீங்களே வாசலில் நின்று அவனைக் கூட்டிக்கொண்டு போக உதவட்டும். காலையில் ஒளிந்து போய்விடாதீர்கள். "அம்மா வேலைக்குப் போறன், பள்ளி விடேக்க வருவன்" என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுத் திரும்பிப் பாராமல் போங்கள். ஒளிந்து போன தாயைத்தான் பிள்ளை நாள் முழுக்கத் தேடும்.

அடி பற்றி மாமியோடு இன்றைக்கே கதையுங்கள். பள்ளிகளில் பிள்ளைகளுக்கு உடல்ரீதியான தண்டனை கொடுக்கக்கூடாது என்று கல்வி அமைச்சின் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சுற்றறிக்கை சொல்கிறது. அப்படி ஏதும் நடந்தால் அதிபரிடமும் வலயக் கல்வி அலுவலகத்திலும் எழுத்தில் முறையிடலாம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற எண்ணுக்கும் அழைக்கலாம். ரீச்சரைப் பூச்சாண்டியாகக் காட்டினால் வயிறு வலித்தாலும் அந்தப் பிள்ளை எங்களிடம் வந்து சொல்லாது. அதுதான் எனக்குப் பெரிய கவலை. மாமிக்கு இதை விளக்கமாகச் சொன்னால் விளங்கிக்கொள்வார், பேரப்பிள்ளை மேல் அவருக்கு இல்லாத பாசமா?

தொடக்கத்தில் எழுத்து நடக்காது. பிள்ளைகளை இனங்காணும் செயற்பாடுகள் என்று பாட்டு, விளையாட்டு, படம் கீறல், மணி கோர்த்தல் என்றுதான் போகும். யாருக்குக் காது சரியாகக் கேட்கவில்லை, யார் பென்சிலைப் பிடிக்கக் கஷ்டப்படுகிறார்கள், யார் ஒருவரோடும் கதைக்காமல் இருக்கிறார்கள் என்று ரீச்சர் அப்போதுதான் பார்த்து எழுதுவார். புதுப் பிள்ளைகளை முறைப்படி வரவேற்கும் கால்கோள் விழாவும் அதற்குப் பிறகுதான். வீட்டுக்கு வந்ததும் "என்ன எழுதினனி?" என்று கேட்காதீர்கள், "ஆரோட விளையாடினனி?" என்று கேளுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடவும் வேண்டாம். ஜனவரி 31 இல் 5 வயது நிறைந்திருக்கவேண்டும் என்பது விதி. அதனால் ஒரே வகுப்பில் பெப்ரவரியில் பிறந்த பிள்ளையும் அடுத்த ஜனவரியில் பிறந்த பிள்ளையும் இருக்கும். ஏறக்குறைய ஒரு வருட வித்தியாசம், அந்த வயதில் அது மிகப் பெரியது.

இப்போது ஒரு முக்கியமான விசயம், இதை எந்தத் தாளிலும் போடமாட்டார்கள். மலசலகூடம். வீட்டில் கொமேட்டில் பழகிய பிள்ளைகள் பள்ளியில் குந்தி இருக்கத் தெரியாமல் அடக்கிக்கொண்டு இருப்பார்கள், அல்லது காற்சட்டையோடு போய்விட்டு வெட்கத்தில் வாய் திறக்கமாட்டார்கள். மார்கழி விடுமுறையிலேயே பழக்குங்கள். தானாகக் கழுவவும், காற்சட்டையைக் கழற்றிப் போடவும் தெரியவேண்டும். இறுக்கமான பொத்தானும் கொளுக்கியும் வேண்டாம், இடுப்பில் இலாஸ்டிக் வைத்துத் தைப்பியுங்கள். சப்பாத்தும் ஒட்டும் பட்டி வைத்ததாக இருக்கட்டும், நாடா கட்ட ரீச்சருக்கு இரண்டு கைதான் இருக்கிறது. தண்ணீர்ப் போத்தல் மூடியையும் சாப்பாட்டுப் பெட்டியையும் அவனே திறந்து பார்க்கவேண்டும். எல்லாவற்றிலும் பெயர் எழுதுங்கள், குடையிலும் கூட. ஒரு மாற்றுக் காற்சட்டை பையின் அடியில் எப்போதும் இருக்கட்டும்.

வராத நாளுக்குக் கடிதம் நீளமாக வேண்டாம். திகதி, பெயர், வகுப்பு, காரணம், கையெழுத்து, அவ்வளவுதான். ஆனால் காரணம் உண்மையாக இருக்கவேண்டும். காய்ச்சலைக் "குடும்ப நிகழ்வு" என்று எழுதாதீர்கள். கார்த்திகை, மார்கழி மழைக்குப் பிறகு இங்கே டெங்கு வரும் காலம். வகுப்பில் யாருக்குக் காய்ச்சல் என்று தெரிந்தால்தான் பி.எச்.ஐக்கு (பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு) சொல்லிப் பள்ளி வளவைப் பார்க்கச் சொல்லலாம்.

கிளினிக் கொப்பியை எடுத்துப் பாருங்கள். 5 வயது முடிந்ததும் போடும் ஊசியும் போலியோச் சொட்டும் பதிவாகியிருக்கிறதா? இல்லையென்றால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள். தரம் 1 இல் பாடசாலை மருத்துவப் பரிசோதனை இருக்கிறது. உயரம், நிறை, கண், பல் எல்லாம் பார்ப்பார்கள். அன்றைக்கு முடிந்தால் நீங்களும் போங்கள். ஒரு கண் சரியாகத் தெரியாமல் இருந்தது வீட்டில் தெரியாமலேயே போன பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன்.

மானிப்பாய் அம்மா (மகள் தரம் 2):

ரீச்சர் எல்லாம் சொல்லிவிட்டார், நான் சாப்பாட்டைப் பற்றிச் சொல்கிறேன். அரசாங்கப் பள்ளி என்றால் ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளுக்குப் போசாக்குத் திட்டத்தில் சாப்பாடு உண்டு. சில பள்ளிகளில் ஒருவரைச் சமைத்துத் தர ஒழுங்கு செய்திருப்பார்கள், சிலதில் பெற்றோர் முறைபோட்டு உதவவேண்டும். எங்கள் பள்ளியில் முறை. வேலைக்குப் போகிற தாய்மாருக்கு அது கஷ்டம் என்று நான் கூட்டத்தில் எழும்பிச் சொன்னேன். காலையில் காய்கறி வெட்டிக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று மாற்றினார்கள். கேட்காமல் இருந்தால் மாறியிருக்காது, நீங்களும் கேளுங்கள்.

அப்படியிருந்தும் முதல் மாதம் ஒரு சின்னப் பெட்டி கட்டிக் கொடுங்கள். வெளிச் சாப்பாடு பழகாத பிள்ளை அங்கே கீரையைப் பார்த்துவிட்டுத் தட்டைத் தள்ளிவிடும். அவித்த கடலை, பயறு, கௌப்பி, வாழைப்பழம், அவித்த முட்டை போதும். பிட்டு வேண்டாம், மேசை முழுக்கச் சிந்தும். பிஸ்கட் பக்கற்றும் இனிப்புத் தண்ணீரும் எங்கள் பள்ளியில் வாசலிலேயே தடை. பிறந்தநாளுக்குக் கேக் கொண்டுபோகவும் விடமாட்டார்கள். நாங்கள் வகுப்புக்கு இரண்டு கதைப் புத்தகம் வாங்கிக் கொடுத்தோம்.

பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்கோ வேறு எதற்கோ காசு கொடுத்தால் பற்றுச்சீட்டு வாங்குங்கள். பாடநூலும் சீருடைத் துணியும் இலவசம், அதற்குக் காசு கேட்டால் கொடுக்கவேண்டாம்.

விடுமுறைச் செய்தியை வகுப்பு வைபர் குழுவிலோ அதிபரிடமிருந்தோ வந்தால் மட்டும் நம்புங்கள். மழைக்கு விடுமுறை விட்டால் வலயத்துக்கு வலயம் மாறலாம். தெல்லிப்பழையில் விட்டதென்றால் கொக்குவிலிலும் விட்டதாக நினைக்கக்கூடாது. சிவராத்திரிக்கு மறுநாள் விடுமுறை தந்து பதிலுக்கு ஒரு சனிக்கிழமை பள்ளி வைப்பார்கள். அந்தச் சனிக்கிழமையை ஓட்டோ அண்ணாவுக்கு முதலே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் பிள்ளை வாசலில் நிற்கும்.

கொக்குவில் அம்மா:

அண்ணா, அக்கா, ரீச்சர், எல்லோருக்கும் மிக்க நன்றி. ரீச்சர் எழுதியதை மாமிக்கு வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை, பிறகு "ஓம், இனிச் சொல்லமாட்டன்" என்றார். கடிதமும் எழுதிவிட்டேன், இரண்டாவது ஆளாகப் பக்கத்து வீட்டு ரஞ்சி அக்கா.

இன்னொரு சந்தேகம். மகனுக்கு முட்டு (ஆஸ்துமா) இருக்கிறது, தூசு பட்டால் இழுக்கும். உள்ளிழுக்கும் மருந்துப் பம்பைப் பையில் வைத்து அனுப்பினால் போதுமா?

ஆரம்பப் பிரிவு ரீச்சர், இப்போது ஓய்வில்:

பையில் மட்டும் வைத்தால் போதாது. பை ஒரு மூலையில் இருக்கும், பிள்ளை மைதானத்தில் நிற்கும். மற்றப் பிள்ளைகளும் எடுத்து விளையாடுவார்கள்.

வைத்தியரிடம் ஒரு துண்டு எழுதி வாங்குங்கள். மருந்தின் பெயர், எந்த அறிகுறிக்குக் கொடுப்பது, எத்தனை முறை அடிப்பது, அதற்கும் அடங்காவிட்டால் என்ன செய்வது என்பது எல்லாம் அதில் இருக்கவேண்டும். தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள், அவசரத்தில் யாரும் வாசிக்கக்கூடியதாக. அந்தத் துண்டோடு பம்பையும் அதில் பொருத்தும் ஸ்பேசர் குழாயையும் பெயர் எழுதிய பெட்டியில் போட்டு வகுப்பாசிரியர் கையில் கொடுங்கள். அலுமாரியில் பூட்டவேண்டாம், பிள்ளைகளுக்கு எட்டாத, ஆனால் ரீச்சர் உடனே எடுக்கக்கூடிய இடத்தில் வைக்கக் கேளுங்கள். எப்படி அடிப்பது என்று அவருக்கு நேரில் செய்துகாட்டுங்கள். ரீச்சர் லீவில் நிற்கும் நாளும் வரும், ஆகவே பகுதித் தலைவருக்கும் காட்டுங்கள்.

வகுப்பைக் கூட்டும்போது அவனை வெளியில் நிற்கவிடும்படியும், கரும்பலகைக்குக் கிட்ட இருத்தவேண்டாம் என்றும் சொல்லுங்கள், சோக்குத் தூசும் ஒத்துவராது. ஒவ்வொரு தவணைத் தொடக்கத்திலும் பம்பின் காலாவதித் திகதியைப் பார்த்து மாற்றுங்கள். ஓட்டோத் தம்பிக்கும் இதைச் சொல்லிவையுங்கள், வீதித் தூசு அவருடைய பக்கம்தானே.