பெட்ரோல் கால் டேங்குக்குக் கீழே இறங்கினால் வளைவில் இன்ஜின் நிற்கிறது: எங்கே பார்ப்பது?

பொள்ளாச்சி வண்டி:

2014 மாடல் பெட்ரோல் ஹாட்ச்பேக், 1.2 லிட்டர், மேனுவல் கியர், 94,000 கி.மீ. ஓடியது. டேங்க் 42 லிட்டர். அரை டேங்க் இருக்கும்வரை ஒரு குறையும் இல்லை. மீட்டரில் இரண்டு கோடு மட்டும் மிஞ்சும்போது ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் அந்த 40 கொண்டை ஊசி வளைவுகளில் தொல்லை தொடங்குகிறது. வலப்பக்கம் திரும்பும் வளைவில்தான் அதிகம். முதலில் இழுவை போகிறது, இரண்டு மூன்று முறை முக்குகிறது, அப்புறம் ஆஃப். எல்லாம் பத்து விநாடிக்குள். சமமான இடத்துக்குக் கொண்டுவந்து சாவி போட்டால் உடனே பிடித்துக்கொள்கிறது.

பிளக் நான்கும் புதிது, ஏர் ஃபில்டர் புதிது, த்ராட்டில் பாடி சுத்தம் செய்தாயிற்று. செக் இன்ஜின் விளக்கு எரியவில்லை. ஒன்றரை வருடத்துக்கு முன் ஃப்யூல் பம்ப்பில் மோட்டாரும் அடி வலையும் மட்டும் மாற்றியிருக்கிறது, பம்ப், வாளி, மிதவை எல்லாம் சேர்ந்த முழு செட் அல்ல. கடைசியாக நின்ற அன்று பங்கில் முதல் கட்-ஆஃப் வரை அடித்ததில் 33 லிட்டர் பிடித்தது.

"அடியில் இருக்கும் கசடை இழுக்குது, டேங்கை இறக்கிக் கழுவணும்" என்கிறார் மெக்கானிக். அது சரிதானா? கழற்றுவதற்கு முன் என்னென்ன பார்க்கலாம்?

ஸ்பேனர்12:

அந்த 33 லிட்டர் கணக்கை எழுதியது நல்லது. 42-ல் 33 போனால் 9 லிட்டர் டேங்கில் இருந்திருக்கிறது. ஆக மீட்டர் பொய் சொல்லவில்லை. பெட்ரோல் மட்டத்தை மீட்டருக்குச் சொல்லும் மிதவைக் கையின் தடம் தேய்ந்து, காலி டேங்கைக் கால் டேங்க் என்று காட்டும் வண்டிகள் நிறைய. 39, 40 லிட்டர் பிடித்திருந்தால் அங்கேயே விசாரணை முடிந்திருக்கும்.

கசடு விஷயம்: பெட்ரோல் எவ்வளவு இருந்தாலும் பம்ப் உறிஞ்சுவது அடியிலிருந்துதான். டேங்க் நிறைந்தால் மேலிருந்தும், குறைந்தால் கீழிருந்தும் எடுப்பதில்லை. வலை கசடில் அடைத்திருந்தால் முழு டேங்கிலும், நேர் சாலையில் நன்றாக மிதிக்கும்போதும் இழுவை குறைந்திருக்கும். உங்களுக்கு அப்படி இல்லை. எனவே கழுவுவதை இப்போது விடுங்கள்.

பம்ப் டேங்கில் நேராக நிற்பதில்லை. ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் நிற்கிறது. வாளியின் அடியில் குடை வடிவ ரப்பர் வால்வு உண்டு. வெளியே இருக்கும் பெட்ரோலை உள்ளே விடும், திரும்பப் போகவிடாது. கூடவே ஒரு ஜெட் இருக்கும். பம்ப் தள்ளும் பெட்ரோலில் ஒரு பங்கு மிகச் சிறிய துளை வழியாகப் பீய்ச்சி, அந்த வேகத்தில் வெளிப் பெட்ரோலையும் சேர்த்து இழுத்து வாளியை எப்போதும் நிறைத்து வைக்கும். வெளியே மட்டம் தாழ்ந்தாலும் வாளிக்குள் மட்டம் உயர்ந்தே இருக்கும். வளைவில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கும்போது பம்ப்பைக் காப்பாற்றுவது இந்தக் கையிருப்புதான்.

இப்போது கணக்குப் போடுங்கள். மலை ஏற்றத்தில் மணிக்கு 10 லிட்டர் குடிக்கிறது என்றே வைத்துக்கொண்டாலும் விநாடிக்கு 2.8 மில்லிதான். உங்கள் வகை வண்டியில் பெட்ரோல் அழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டரும் டேங்குக்குள்ளேயே இருக்கும், மிச்சப் பெட்ரோல் வாளிக்கே திரும்பும். வாளியில் அரை லிட்டர் இருந்தால் மூன்று நிமிடம் தாங்க வேண்டும். பத்து விநாடியில் நிற்கிறது என்றால் வாளியில் பெட்ரோல் தங்கவே இல்லை. குடை வால்வு, ஜெட், அல்லது அந்த மோட்டார் வேலையில் நடந்த தவறு. என் சந்தேகம் மூன்றாவதில்தான் அதிகம்.

நாலாம் கியர்:

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் செட்டைக் கழற்றுமுன் அழுத்தம் பார்த்துவிடுங்கள், அனுமானத்தில் பாகம் வாங்க வேண்டாம்.

உங்கள் ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்) கேஜ் மாட்டும் சோதனை வால்வு இருக்காது. பெட்ரோல் குழாய் ரெயிலில் சேரும் இடத்தில் டி வடிவ அடாப்டர் போட்டு அழுத்தம் காட்டும் கேஜ் மாட்ட வேண்டும். அதற்கு முன் பம்ப் ஃப்யூஸை எடுத்துவிட்டு இன்ஜினை ஓடவிட்டு அது தானாக நின்றதும் இன்னும் இரண்டு விநாடி செல்ஃப் அடியுங்கள், குழாயில் அழுத்தம் இறங்கிவிடும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிய பிறகே குழாயில் கை வையுங்கள், துணி சுற்றிக் கழற்றுங்கள். கேஜ் மாட்டியதும் ஃப்யூஸையும் நெகட்டிவையும் திரும்பப் போட்டு, எங்கும் கசியவில்லை என்று பார்த்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள்.

மலைச்சாலையில் கேஜோடு ஓட்ட வேண்டாம், ஆபத்து. வலப்பக்கம் திரும்பும்போது பெட்ரோல் இடப்பக்கம் ஒதுங்குகிறது, ஏற்றத்தில் பின்னால் போகிறது. அதே நிலையை நின்ற இடத்திலேயே உண்டாக்கலாம். கால் டேங்க் வைத்து, முன்பக்கம் மேலேயும் இடச் சக்கரங்கள் தாழ்வாகவும் இருக்கும்படி சரிவில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, 2,500 ஆர்பிஎம்மில் ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள்.

இவ்வகை இன்ஜினில் 3 முதல் 4 பார் வரை இருப்பது வழக்கம். உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் உள்ள எண்ணே கணக்கு. முள் நடுங்கியபடி விழுந்தால் பம்ப் காற்றை இழுக்கிறது. நடுங்காமல் சீராகக் குறைந்தே நின்றால் மோட்டாரோ ரெகுலேட்டரோ தளர்ந்திருக்கிறது. அழுத்தம் அசையாமல் இருந்தும் இன்ஜின் நின்றால் பெட்ரோல் பக்கமே பார்க்காதீர்கள், இன்ஜின் சுழல்வதை உணரும் கிராங்க் சென்சாருக்குப் போங்கள்.

நின்ற பிறகு 15, 20 நிமிடம் ஆறினால்தான் ஸ்டார்ட் ஆகும் என்றால் அது சூடேறும் மோட்டாரின் குணம். உங்களுக்கு உடனே பிடிக்கிறது, அதனால் மோட்டாரில் குறை இல்லை என்றே நினைக்கிறேன்.

பொள்ளாச்சி வண்டி:

பார்த்தாயிற்று. சம தரையில் ஐடிலிங்கிலும் 2,500-லும் 3.2 பார், அசைவில்லை. நீங்கள் சொன்னபடி சரிவில் நிறுத்தியதும் சுமார் இருபது விநாடியில் முள் 1-க்கும் 2.5-க்கும் இடையே துடித்து இன்ஜின் அணைந்தது. 20 லிட்டர் ஊற்றிவிட்டு அதே சரிவில் ஐந்து நிமிடமும் 3.2 தான்.

பெட்ரோலில் இப்போது எத்தனால் அதிகம், அதில் தண்ணீர் பிரிந்து அடியில் நிற்கும் என்கிறார்களே, அதுவாக இருக்குமா? டேங்க் மூடியில் காற்றுத் துளை அடைப்பு என்றும் ஒருவர் சொன்னார்.

கார்பன் குடுவை:

இரண்டும் இல்லை. தண்ணீர் பிரிந்து நின்றால் அதுவும் அடியில்தான் இருக்கும், டேங்க் நிறைந்திருந்தாலும் பம்ப் முதலில் அதைத்தான் இழுக்கும். இரவு நிறுத்திய வண்டி காலையில் ஸ்டார்ட் ஆகத் திணறும், சம தரையிலும் மிஸ்ஸிங் வரும். அழுத்தமும் விழாது, தண்ணீரையும் பம்ப் தள்ளவே செய்யும். சந்தேகம் தீர வேண்டுமானால் செட்டைக் கழற்றும் நாளில் அடியிலிருந்து கண்ணாடி பாட்டிலில் அரை லிட்டர் எடுத்து அரை மணி நேரம் வையுங்கள். இரண்டு அடுக்காகப் பிரிந்தால் மட்டும் கவலைப்படலாம்.

காற்று அடைப்பு இதற்கு நேர் எதிராக நடக்கும். டேங்க் நிறைந்திருக்கும்போது மேலே 4 லிட்டர் காற்றுதான் இருக்கிறது என்று வையுங்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் செலவானால் அந்தக் காற்று 5 லிட்டர் இடத்துக்கு விரிய வேண்டும், அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு விழுகிறது. கால் டேங்கில் மேலே 32 லிட்டர் காற்று. அங்கே ஒரு லிட்டர் குறைந்தால் விழுவது மூன்று சதவீதம். அதனால் அடைப்பு இருந்தால் முழு டேங்க் அடித்த கொஞ்ச தூரத்திலேயே தெரிய ஆரம்பிக்கும், மூடியைத் திறந்தால் புஸ்ஸென்று காற்று உள்ளே போகும்.

ஸ்பேனர்12:

துடிக்கும் முள் போதும், காற்று இழுக்கிறது. செட்டைக் கழற்றலாம். பெரும்பாலான ஹாட்ச்பேக்கில் பின் சீட்டைத் தூக்கினால் தகட்டு மூடி இருக்கும், டேங்கை இறக்க வேண்டியதில்லை. இருக்கும் பெட்ரோலை மூடியுள்ள கேனில் எடுத்துவிட்டுத் தொடங்குங்கள். வேலை திறந்த வெளியில், நெகட்டிவ் கழற்றி, பக்கத்தில் உலர் பொடி தீயணைப்பான் வைத்து. குண்டு பல்பு விளக்கு கூடவே கூடாது.

செட்டை டேங்கோடு இறுக்கிப் பிடிக்கும் வளையத்தை இரும்பு உளியால் தட்டாதீர்கள், பொறி பறக்கும். பித்தளை அல்லது மரக்கட்டை. கழற்றுமுன் செட் எந்தத் திசையில் இருந்தது என்று குறியிட்டுக்கொள்ளுங்கள். மிதவைக் கை வளைந்தால் மீட்டர் தப்பாகக் காட்டும், செட்டைச் சாய்த்தே வெளியே எடுக்க வேண்டும்.

எடுக்கும்போதே ஒரு சோதனை: வாளியில் பெட்ரோல் நிறைந்தபடி தூக்கிப் பிடியுங்கள். அடியிலிருந்து ஒழுகி சில விநாடியில் காலியானால் குடை வால்வு போய்விட்டது. ரப்பர் உப்பியிருக்கும், அல்லது மணல் துணுக்கு சிக்கி ஓரம் மூடாமல் இருக்கும். மணல் என்றால் கழுவினால் போதும்.

ஒழுகவில்லை என்றால் ஜெட்டைப் பாருங்கள். துளைக்குள் ஊசி விடாதீர்கள், துளை பெரிதானால் ஜெட் வேகம் இழக்கும். கார்ப் கிளீனர் அடித்து எதிர்ப்பக்கமிருந்து காற்று ஊதுங்கள்.

அடுத்து, வாளியைக் கீழே அழுத்தும் இரண்டு ஸ்பிரிங் கம்பிகள். செட்டின் மூடியை அழுத்திவிட்டால் தடையில்லாமல் எழ வேண்டும். சிக்கிக்கொண்டால் வாளி டேங்கின் தரையைத் தொடாமல் ஓரிரு சென்டிமீட்டர் மேலே தொங்கும், அந்த உயரத்துக்குக் கீழே உள்ள பெட்ரோல் கணக்கில் இல்லாததுபோல்தான். மோட்டாரை மட்டும் மாற்றும்போது அடிக்கடி நடக்கும் தவறு இது. அதோடு வேறு மாடலின் வலையை மாட்டியிருந்தால் அது வாளியின் அடியைத் தொடாமல் பக்கவாட்டில் மடிந்து நிற்கும். உள்ளே இருக்கும் ஹோஸையும் பாருங்கள். சாதாரண பெட்ரோல் ஹோஸ் வெளிப்புறம் நனையத் தாங்காது, உப்பி வெடிக்கும். மூழ்கி இருப்பதற்கென்று உள்ளது எஸ்ஏஇ 30ஆர்10 தரம், ஹோஸ் மேல் அச்சடித்திருக்கும்.

குடை வால்வு தனியாகக் கிடைப்பது கடினம். அது போயிருந்தால் முழு செட் வாங்குவதே சரி. மற்றவை எல்லாம் கழுவி, சரியாக மாட்டினால் தீரும்.

நாலாம் கியர்:

மாட்டும்போது செட்டின் மூடிக்கடியில் உள்ள ரப்பர் வாஷர் கட்டாயம் புதிது போடுங்கள். பழையது பெட்ரோலில் ஊறி விரிந்திருக்கும், பள்ளத்தில் உட்காராது, பின் சீட்டில் வாடை வரும். வாஷரில் கிரீஸ் தடவ வேண்டாம், ஒரு துளி பெட்ரோல் போதும். மாட்டியதும் 9 லிட்டர் மட்டும் ஊற்றி, சாவியை ஆன் செய்து ஸ்டார்ட் பண்ணாமல் நான்கு முறை ஆன், ஆஃப். ஒவ்வொரு முறையும் பம்ப் இரண்டு விநாடி ஓடும் சத்தம் கேட்கும். வளையத்தைச் சுற்றி டிஷ்யூ பேப்பரால் ஒற்றிப் பாருங்கள், நனையவில்லை என்றால் தகட்டு மூடியைப் போடலாம். பிறகு அதே சரிவில், அதே கேஜோடு ஐந்து நிமிடம்.