டிஸ்க் ஃபுல், அத்தை ஆன்லைன்

*பெரிய வீட்டுக் குடும்பம்*

கார்த்தி 7:42: ராத்திரி 3 மணி வரைக்கும் தூங்கல. சர்வர்ல டிஸ்க் 100%

அத்தை 7:43: 3 மணியா? ஏதாவது சாப்டியாடா?

கார்த்தி 7:45: பிரெட் இருந்துச்சு அத்தை
நித்யாக்கா, நீ சொன்ன வார்ப்தான் காப்பாத்துச்சு, கமாண்ட் அடிக்கிற டெர்மினல்லயே ஏஐ இருக்குல்ல. 38 ஜிபி லாக் ஃபைலை ஆர்எம் போட்டு அழிச்சாச்சு. டிஸ்க்ல எவ்ளோ இடம் போயிருக்குன்னு டிஎஃப் அடிச்சா அப்பவும் 100%. பேயறைஞ்ச மாதிரி உக்காந்துட்டேன்

நித்யா 7:46: உன் ஜாவா சர்வீஸ் அந்த ஃபைலைத் திறந்தே வெச்சிருந்திருக்கும்

கார்த்தி 7:48: அதேதான். ஃபைல் சைஸைக் கூட்டிச் சொல்ற டியூல மட்டும் இடம் குறைஞ்சிருந்துச்சு. "டியூ கணக்கும் டிஎஃப் கணக்கும் ஏன் ஒத்துப்போகல"ன்னு வார்ப்ல தமிழ்லயே அடிச்சேன். அழிச்சும் திறந்தே இருக்கற ஃபைலைக் காட்டற எல்எஸ்ஓஎஃப் +எல்1 ஓட்டட்டுமான்னு கேட்டுச்சு. ஓட்டினா அதே 38 ஜிபி, பக்கத்துல 'டிலீட்டட்'னு போட்டிருக்கு

பெரியப்பா 7:50: அழிச்சது எப்படிப்பா இருக்கும்?

நித்யா 7:51: அழிஞ்சது பேர் மட்டும்தான் பெரியப்பா. ஏதாவது புரோகிராம் அதைப் பிடிச்சிருக்கிற வரைக்கும் லினக்ஸ் இடத்தைத் திருப்பித் தராது

அத்தை 7:52: நம்ம மாடி போர்ஷன் கதைதானே. அக்ரிமென்ட் முடிஞ்சு வாசல்ல பேர் போர்டையும் கழட்டியாச்சு, ஆள் காலி பண்ணல

கார்த்தி 7:52: 😂😂 அத்தை!! சர்வீஸை ரீஸ்டார்ட் பண்ணதும் 61%

நித்யா 7:54: ஆர்எம் போடாம ட்ரன்கேட் பண்ணி உள்ளே இருக்கறதை மட்டும் காலி பண்ணியிருந்தா ரீஸ்டார்ட்டே வேண்டாம்

பெரியப்பா 7:57: எங்க காலத்து விடி100 டெர்மினல் திரைல வரிக்கு 80 எழுத்து, 24 வரி. தப்பா அடிச்சா ஒத்தை வரில திட்டும். ஏன்னு சொல்லாது

நித்யா 8:01: இப்ப நல்லாவே சொல்லுது பெரியப்பா. ஆனா கார்த்தி, கமாண்டைப் படிக்காம என்டர் தட்டாதே. போன வாரம் எனக்கு வேற ஒரு ஏஐ டூல், ஃபைல் தேடற 'ஃபைண்ட்' கமாண்ட்ல -டிலீட்டை முன்னாடி, -நேமைப் பின்னாடி வெச்சுக் குடுத்துச்சு. ஃபைண்ட் இடமிருந்து வலமாப் போகும். பழைய லாக் எதுன்னு பாக்கறதுக்குள்ள ஃபோல்டரே காலியாயிருக்கும்

கார்த்தி 8:02: ஐயோ. தட்டிட்டியா?

நித்யா 8:02: இல்லடா. -டிலீட்டை எடுத்துட்டு முதல்ல லிஸ்ட் மட்டும் பாத்தேன்
அப்புறம், பாஸ்வேர்ட் திரைல இருக்கும்போது ஏஐகிட்ட எதுவும் கேக்காதே. 2024ல ஐடெர்ம்2ங்கற மேக் டெர்மினல்ல ஏஐ சேர்த்தப்ப அவ்ளோ சண்டை. கடைசில வேணுங்கறவங்க போட்டுக்கட்டும்னு தனி ப்ளகின் ஆக்கிட்டாங்க

அத்தை 8:05: அதெல்லாம் இருக்கட்டும். அண்ணா, மாடி ஆளை எப்ப ரீஸ்டார்ட் பண்றது?

பெரியப்பா 8:09: வெள்ளிக்கிழமை வக்கீலைப் பாக்கறேன்