மறு: 'குழப்பும் காரணி'க்குப் பதில் 'பொதுவேர்'

அனைவருக்கும் வணக்கம். புள்ளியியலில் confounder எனப்படுவதைத் தமிழில் 'குழப்பும் காரணி' என்பதற்குப் பதில் 'பொதுவேர்' எனலாம் என்ற யோசனைக்கு வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> 'குழப்பும் காரணி' என்றே வைத்துக்கொள்ளலாமே, எல்லாருக்கும் புரிகிறதே.

புரிகிறது ஐயா, ஆனால் வேறொன்றாகப் புரிகிறது. தரவு தாறுமாறாக இருக்கிறது என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார். நாம் சொல்ல வருவதோ, காரணம் என்று சந்தேகிப்பதையும் அதன் விளைவையும் ஒருசேர உண்டாக்குகிற மூன்றாவது ஒன்றை. அதற்குத்தான் 'பொதுவேர்'.

புகைப்பழக்கம் பற்றிய பழைய விவாதத்தில் வைத்துப் பாருங்கள். 1950இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் டாலும் ஹில்லும் லண்டன் மருத்துவமனை நோயாளிகளை ஒப்பிட்டு, புகைப்பதற்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் தொடர்பைக் காட்டினார்கள். புள்ளியியலாளர் ஃபிஷர் ஏற்கவில்லை. புகைக்கத் தூண்டும் மரபணுவே புற்றுநோயையும் தரலாம் அல்லவா என்று 1958இல் கேட்டார். அந்த மரபணுதான் பொதுவேர். மறு ஆண்டே இன்னொரு புள்ளியியலாளரான கார்ன்ஃபீல்டும் உடன் எழுதியவர்களும் பதில் தந்தார்கள்: புகைப்பவர்களுக்கு நோய் ஒன்பது மடங்கு வருகிறது என்றால், அதை முழுக்க விளக்கும் பொதுவேரும் அவர்களிடம் குறைந்தது ஒன்பது மடங்கு கூடுதலாக இருக்க வேண்டும். அப்படி ஒன்றை யாரும் காட்டவில்லை. எனக்கு மிகவும் பிடித்த வாதம் இது. யாரும் அளக்காத ஒன்றுக்கும் கீழ்வரம்பு சொல்லிவிடுகிறது.

'பொதுக் காரணி' வேண்டாம், மீப்பெரு பொதுக் காரணி படித்த எல்லாருக்கும் வகுத்தல் கணக்குதான் நினைவுக்கு வரும். 'பொதுமூலம்' கேட்க நன்றாக இருந்தாலும், மருத்துவக் கட்டுரையில் மூலம் என்றால் நோய்.

> அப்படியானால் நுரையீரலில் படியும் தாரும் பொதுவேரா?

இல்லை, அது புகைத்ததால் வந்தது. புகைப்பதற்கும் நோய்க்கும் நடுவில் நிற்பதால் அது 'இடைக்காரணி'. பொதுவேரைக் கணக்கில் சரிக்கட்டியே, அதாவது அதன் தாக்கத்தைக் கழித்தே, ஆக வேண்டும். இடைக்காரணியைச் சரிக்கட்டினாலோ புகையின் விளைவிலேயே ஒரு பங்கு காணாமல் போய்விடும். இரண்டும் 'காரணி' என்று முடிந்தால் மாணவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள்.

'சமவாய்ப்பு ஒதுக்கீடு' (யாருக்கு மருந்து என்பதைக் குலுக்கல் போல முடிவு செய்வது) என்ற சொல்லோடும் இது ஒத்துப்போகிறது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஹார்மோன் மாத்திரை இதயத்தைக் காக்கும் என்று வெறுமனே கவனித்துப் பதிந்த ஆய்வுகள் காட்டின. 2002இல் அமெரிக்காவில் 16,608 பெண்களைச் சமவாய்ப்பில் பிரித்த சோதனை நேர்மாறாக முடிந்தது. தாமாக மாத்திரை எடுத்தவர்களில் வசதியும் உடல்நல அக்கறையும் உள்ளவர்கள் அதிகம். வசதி அங்கே ஒரு பொதுவேர். யாருக்கு மாத்திரை என்பதைச் சமவாய்ப்பு முடிவு செய்தால் அந்த வேர் மாத்திரை வரை எட்டாது.

அப்புறம், அளந்து சரிக்கட்டிய பிறகும் மிஞ்சுவதை 'எஞ்சிய பொதுவேர்' எனலாமா? 'எச்சவேர்' சுருக்கம்தான், ஆனால் தனியே நின்றால் பொருள் விளங்குமா என்று தயக்கமாக இருக்கிறது. புள்ளியியல் கற்பிப்பவர்கள் சொல்லுங்கள்.