காலையில் ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) துடைத்த பிறகு ரோபோ கை வயலை (மருந்துக் குப்பியை) நழுவவிடுகிறது, உதவி தேவை

கப்பலூர் தரக்கட்டுப்பாடு

வணக்கம். மதுரைப் பக்கம் ஊசி மருந்து தயாரிக்கும் சின்ன கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். மூடி போட்டு முடித்த 10 மில்லி வயல்களை டிரேயிலிருந்து எடுத்து, துகள் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்கும் மேசைக்குக் கொண்டுபோக ஒரு சிறிய ரோபோ கை இருக்கிறது. நுனியில் வயலை உறிஞ்சிப் பிடிக்கும் 15 மி.மீ. சிலிகோன் சக்ஷன் கப். கையின் மேலேயே அதற்கு வெற்றிடம் உண்டாக்கும் எஜெக்டர் பொருத்தியிருக்கிறது, கம்ப்ரஸர் காற்றில் ஓடுவது. அறை ஐஎஸ்ஓ 7 தரச் சுத்த அறை.

சித்திரைத் திருவிழா வரை ஒரு குறையும் இல்லை. அழகர் ஆற்றில் இறங்கிய அன்று லீவு விட்டோம். மறுநாள் ஓட்டியதிலிருந்து தினமும் காலையில் முதல் ஒரு மணி நேரம் வயல் விழுகிறது. நேற்று மட்டும் 11. அப்புறம் தானாகவே சரியாகிவிடுகிறது. கப்புக்குப் பக்கத்தில் இருக்கும் வெற்றிட மீட்டர் காலையில் −38 கிலோபாஸ்கல் காட்டுகிறது, பதினோரு மணிக்கு −62 (மைனஸ் கூடினால் உறிஞ்சல் கூடுதல்).

காற்றழுத்தத்தை 5 பாரிலிருந்து 6.5க்கு ஏற்றிப் பார்த்தேன். சத்தம் கூடியதே தவிர பலன் இல்லை. கப் தேய்ந்திருக்குமோ என்று டவுனில் கிடைத்த கறுப்பு நைட்ரைல் கப்பைப் போட்டேன். மூடியில் கறுப்பு வளையம் பதிந்ததும் கழற்றிவிட்டேன்.

இன்னொன்று. கை நிற்கும்போது பக்கத்தில் வைத்த துகள் எண்ணி 40 ஆயிரம் சுற்றிக் காட்டுகிறது, கை ஓடினால் 1,90,000. வரம்புக்குள் இருந்தாலும் எனக்கு நிம்மதி இல்லை. எங்கே பார்க்க வேண்டும்?

திருமங்கலம் ஃபிட்டர்

தம்பி, முதலில் அழுத்தத்தைப் பழையபடி 5க்கு இறக்குங்கள். எஜெக்டருக்கென்று ஒரு அழுத்தம் இருக்கும், பெரும்பாலும் 4 முதல் 6 பாருக்குள். அதைத் தாண்டி ஏற்றினால் காற்றுதான் செலவாகும், உறிஞ்சல் கூடாது. சிலவற்றில் குறையவே செய்யும்.

ஒரு கணக்குப் பாருங்கள். 15 மி.மீ. கப்பின் பரப்பு 1.77 சதுர செ.மீ. −38 கிலோபாஸ்கலில் 6.7 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 680 கிராமைத் தாங்கும். உங்கள் வயல் மருந்தோடு 25 கிராம் இருக்குமா? அப்படியானால் மீட்டர் காட்டும் வெற்றிடமே ஏராளம். ஆனாலும் விழுகிறது. அதனால், மீட்டரில் அந்த எண் வருவதற்கு முன்பே கை தூக்கிவிடுகிறது என்று சந்தேகப்படுகிறேன்.

மூன்று விஷயம் சொல்லுங்கள். வெற்றிடம் வந்துவிட்டது என்ற சிக்னலைப் பார்த்து பிஎல்சி (கையை இயக்கும் கன்ட்ரோலர்) தூக்குகிறதா, இல்லை நேரம் வைத்துத் தூக்குகிறதா? லீவில் கம்ப்ரஸர் டேங்கில் தண்ணீர் நின்றதா? லீவுக்குப் பிறகு அந்தக் கையைத் துடைப்பது யார்?

கப்பலூர் தரக்கட்டுப்பாடு

நேரம் வைத்துத்தான் அண்ணே, 0.3 விநாடி. டேங்கில் கொஞ்சம் தண்ணீர் இருந்தது, வடித்தும் மாற்றம் இல்லை. வயல் நீங்கள் சொன்ன எடைதான்.

துடைப்பது புதுப் பையன். நல்ல பொறுப்பான பையன். இன்று காலை கூடவே நின்று பார்த்தேன். முன்பு இருந்தவர் துணியில் ஐபிஏவை நனைத்துத் துடைப்பார். இவர் ஸ்பிரே பாட்டிலை நேரே கப் மீதே அடிக்கிறார், அதுவும் வெற்றிடம் ஓடிக்கொண்டிருக்கும்போது. எஸ்ஓபியில் (வேலை செய்முறை ஏட்டில்) ‘70 சதவீத ஐபிஏ கொண்டு சுத்தம் செய்யவும்’ என்று மட்டும்தான் எழுதியிருக்கிறோம். தவறு எங்கள் பக்கம்.

திருமங்கலம் ஃபிட்டர்

அப்படியானால் ஐபிஏவைக் கப் குடிக்கிறது. அது குழாய் வழியாக ஃபில்டருக்குப் போய், அங்கிருந்து எஜெக்டரின் சைலன்சருக்கும் (காற்று வெளியேறும் வாயில் சத்தத்தைக் குறைக்கும் பஞ்சு அடைப்பு) போகிறது. நனைந்த ஃபில்டரில் காற்று மெதுவாகத்தான் நகரும். சைலன்சர் நனைந்தால் வெளியேற்றம் அடைபடும், உறிஞ்சல் விழும். ஒரு மணி நேரத்தில் காற்றே எல்லாவற்றையும் உலர்த்திவிடுகிறது, அதனால்தான் உங்களுக்குத் தானாகச் சரியான மாதிரி தெரிகிறது. கப்பின் உதட்டில் ஈரம் இருந்தால் மூடிமேல் வழுக்கவும் செய்யும்.

இதை உறுதி செய்ய எளிய வழி இருக்கிறது. எஜெக்டரின் வெற்றிட வாயை நேரடியாக அடைத்து மீட்டரைப் பாருங்கள். பிறகு ஃபில்டருக்கு அடுத்து, பிறகு குழாய் முனை, கடைசியில் கப்பைச் சுத்தமான கண்ணாடிமேல் அழுத்தி. எந்த இடத்தில் எண் விழுகிறதோ, எந்த இடத்தில் ஏற நேரம் எடுக்கிறதோ, கோளாறு அங்கே. வாயிலேயே குறைவாக இருந்தால் சைலன்சரைக் கழற்றிவிட்டு ஒருமுறை பாருங்கள். இதைக் காலையிலேயே செய்யுங்கள், பதினோரு மணிக்குச் செய்தால் ஒன்றும் தெரியாது.

மின்சார வேக்குவம் பம்ப் வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், ஆல்கஹாலை உறிஞ்ச விடவே விடாதீர்கள். தீப்பிடிக்கும் பொருள்.

மைக்ரோ லேப் அக்கா

வயல் விழுவதைவிட எனக்கு அந்த 1,90,000தான் உறுத்துகிறது. ஐஎஸ்ஓ 7ல் 0.5 மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள துகள் ஒரு கன மீட்டரில் 3,52,000 வரை இருக்கலாம். உங்களுடையது உள்ளேதான். ஆனால் கை ஓடினால் ஏறி, நின்றால் இறங்குகிறது என்றால் கைதான் துகளைக் கொட்டுகிறது. எஜெக்டர் காற்று எந்தப் பக்கம் வெளியேறுகிறது? சைலன்சர் டிரேயைப் பார்த்து இருந்தால், கம்ப்ரஸர் காற்றில் உள்ள எண்ணெய், ஈரம், சைலன்சரில் பிய்கிற இழை எல்லாம் வயல்கள்மேல்தான் விழும். வயல் மூடியிருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அதே அறையில் வேறு வேலையும் நடக்கும் அல்லவா?

ஸ்பிரே பற்றி. 70 சதவீதம் என்று வைத்திருப்பதே தண்ணீர் வேண்டும் என்பதற்காக. தண்ணீர் இருந்தால்தான் ஆல்கஹால் சீக்கிரம் ஆவியாகாமல் மேற்பரப்பில் நிற்கும், கிருமியின் புரதத்தையும் நன்றாகச் சிதைக்கும். அதனால் நனைந்த துணியால் துடைத்து, தானாக உலரும்வரை விட வேண்டும். இழை உதிராத துணி, ஒரே திசை, மடிப்பு மாற்றி. அடித்தவுடன் ஓட்டினால் சுத்தமும் ஆகாது, உங்களுக்கு நடந்ததும் நடக்கும்.

சிலிகோன் கப்பைத் தினமும் கழற்றி 121 டிகிரியில் 15 நிமிடம் ஆட்டோகிளேவ் செய்யலாம், தாங்கும். இரண்டு செட் வைத்துக்கொள்ளுங்கள். கறுப்பு நைட்ரைல் பக்கம் திரும்பவே வேண்டாம், அது சான்றிதழ் இல்லாத கப் வேறு.

அப்புறம், விழுந்த 11 வயலுக்கும் டீவியேஷன் (நடைமுறை பிசகியதற்கான பதிவு) எழுதினீர்களா? இனிச் செய்யும் ஒவ்வொரு மாற்றமும் சேஞ்ச் கன்ட்ரோலில் (மாற்றத்தைப் பதிந்து ஒப்புதல் வாங்கும் முறையில்) வரட்டும். 2023 டிசம்பரில் மருந்து தயாரிப்புத் தர விதிகளான ஷெட்யூல் எம்மைத் திருத்தி அறிவித்த பிறகு சின்ன கம்பெனி என்று யாரும் விட்டுவிடுவதில்லை.

கப்பலூர் தரக்கட்டுப்பாடு

அக்கா, அண்ணே, பார்த்துவிட்டேன். எஜெக்டர் வாயிலேயே −41. சைலன்சரைக் கழற்றியதும் −64. உள்ளே இருந்த பஞ்சு பழுப்பாகி, விரலால் தொட்டாலே உதிர்ந்தது. அதன் வாய் அப்படியே டிரேயைப் பார்த்துத்தான் இருக்கிறது. ஃபில்டரைப் பிழிந்தால் சொட்டுகிறது. இரண்டு கோளாறும் ஒரே இடத்திலிருந்துதான் வந்திருக்கின்றன.

டீவியேஷன் எழுதியாகிவிட்டது, பையன் பெயரில் அல்ல, எஸ்ஓபியின் பெயரில்.

திருமங்கலம் ஃபிட்டர்

நல்லது. சைலன்சரை எடுத்துவிட்டு வெளியேற்றத்தை அகலமான குழாயில் அறைக்கு வெளியே கொண்டுபோங்கள். குழாய் ஒல்லியாக இருந்தால் பின்னழுத்தம் வந்து மறுபடியும் இதே கதைதான். வயலை விடுவிக்க ஊதும் காற்றுக்கு 0.2 மைக்ரான் ஃபில்டர் போடுங்கள். நேரக் கணக்கை எடுத்துவிட்டு, −45 வந்த சிக்னல் கிடைத்தால்தான் தூக்க வேண்டும் என்று பிஎல்சியில் மாற்றுங்கள். வராவிட்டால் கை நின்று மணி அடிக்கட்டும்.

கப்பலூர் தரக்கட்டுப்பாடு

சேஞ்ச் கன்ட்ரோல் முடிந்து ஆறு நாள் ஓட்டிவிட்டோம். காலை முதல் வயலிலேயே −63. ஒன்றும் விழவில்லை. கை ஓடும்போதும் துகள் 60 ஆயிரத்தைத் தாண்டவில்லை. அக்கா சொல்வதற்கு முன்பே, காற்றிலிருந்து விழும் கிருமியைப் பிடிக்கும் 90 மி.மீ. பிளேட்டைக் கைக்குப் பக்கத்தில் 4 மணி நேரம் திறந்து வைத்தோம், முடிவுக்குக் காத்திருக்கிறோம்.

ஒரு சந்தேகம் மிச்சம். கப்பைப் பிடிக்கும் பிராக்கெட்டில் ஆலன் போல்ட் தலைகளின் குழியில் துடைத்த பிறகும் ஐபிஏ தேங்கி நிற்கிறது. அடைத்துவிடலாமா?

திருமங்கலம் ஃபிட்டர்

பசை வைத்து அடைக்காதீர்கள், அது பிய்ந்து விழும். எஸ்எஸ் 316எல்லில் குழி இல்லாத, வெளியே ஆறுமுகத் தலை உள்ள போல்ட், அடியில் சீல் வாஷரோடு கிடைக்கும். எத்தனை வேண்டும், என்ன அளவு என்று எழுதுங்கள். எம்4 என்றால் என்னிடமே எட்டு இருக்கிறது, கப்பலூர் வரும்போது தருகிறேன்.