பிறெஸ் ஓன்: 'விடாதுசெல்' சரிவருமா?

வணக்கம்.

நடைப்பயிற்சிச் செயலியைத் தமிழாக்கும் சொற்பட்டியலில் இன்னும் இழுபடுவது ஆங்கில 'பிறெஸ் ஓன்' (press on). முதற்பதிப்பில் 'மேலே அழுத்தவும்' என்று போட்டது நான்தான். வரிவரியாகத் தந்தார்கள், எந்தத் திரையில் வரும் என்று சொல்லவில்லை. போன கிழமை எங்கட சித்தி பண்ணைக் கடற்கரையில், இரண்டாவது கிலோமீற்றரில், காற்றுக்குள் நின்று போனின்ர மேல்பக்கத்தை அழுத்திக்கொண்டு நிக்கிறா. "அழுத்து அழுத்தெண்டுது தம்பி, அழுத்தினா ஒண்டும் நடக்கேல்லை."

பின்னால் பட்டன் வந்தால் அழுத்துதான். தனியே நின்றால், களைத்தாலும் தடை வந்தாலும் விடாமல் போ என்று பொருள். 'ஓன்' எங்களுக்குப் புதிதில்லை. 'றீட் ஓன்' என்பதை வாசித்துக்கொண்டு போ என்கிறோம். அவர்கள் ஒட்டும் சின்னச் சொல்லின் வேலையை எங்கள் துணைவினை செய்துவிடும். வில்லங்கம் 'பிறெஸ்'இல். எதிரே ஏதோ மறிக்கிறது என்பதையும் அது சேர்த்துச் சொல்கிறது. 'கரி ஓன்' (carry on) அப்படியில்லை, அதற்குத் 'தொடர்க' போதும்.

(மானிப்பாயில் அமெரிக்க மிஷன் கிறீன் வைத்தியர் 1850களில் மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். உறுப்புக்கும் நோய்க்கும் பெயர் எப்படியோ அகப்பட்டுவிடும். 'பிறெஸ் ஓன்' போன்ற இந்த இரட்டை வினைகள்தான் ஆளைக் கொல்லும்.)

அண்ணை சொன்ன 'முன்னேறு' வேண்டாம். அதைக் கேட்டால் பள்ளிக்கூடத் தேர்ச்சி அறிக்கைதான் நினைவுக்கு வருகிறது. சித்தி முன்னேறத் தேவையில்லை, நில்லாமல் நடந்தால் சரி.

'அடாது மழை பெய்தாலும் விடாது நாடகம் நடைபெறும்' என்று நோட்டீஸ் அடித்தவர்கள் இதற்குச் சொல் தேடவில்லை. அதிலிருந்து எடுத்ததுதான் 'விடாதுசெல்'. பெயராக்கினால் 'விடாச்செலவு'. பழந்தமிழில் செலவு என்றால் போதல். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் எங்கள் வீட்டில் அதற்கு வேறு பொருள்.

*

தம்பி, சொற்பட்டியலுக்கு 'விடாதுசெல்' நல்லது, 'விடாச்செலவு' வேண்டாம். ஆனால் 'செல்' எண்டு இஞ்சை ஆர் கதைக்கினம்? திரையில 'விடாமல் நடவுங்கோ' எண்டு போடும், சித்திக்கு விளங்கும்.

*

சரி அண்ணை, இரண்டையும் பதிகிறேன். சைக்கிள் ஓடுகிறவைக்கும் அதே வரிதான் வருமாம். அவைக்கு 'நடவுங்கோ' எண்டால் இறங்கி உருட்டப் போகினம். அதுக்கு ஒண்டு சொல்லுங்கோ.