பறிச்சதைத் ‘தொலைஞ்சு போச்சு’ன்னு எழுதாதீங்க: வடசென்னையிலிருந்து புதுசா வெளிநாடு போனவங்களுக்கு

ராயபுரம் – லண்டன்

காசிமேடு, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர்னு நம்ம பக்கத்திலிருந்து கிளம்புற பிள்ளைங்களுக்கு வீசா, வேலை ஆர்டர், ஊறுகாய் பாட்டில் எல்லாம் பார்த்துப் பார்த்துக் கட்டி அனுப்புறோம். அங்கே ஒரு திருட்டோ அடியோ மோசடியோ நடந்தா முதல் நாள் என்ன செய்யணும்னு மட்டும் யாரும் சொல்லி அனுப்புறதில்ல. அதுக்குத்தான் இந்தப் பதிவு.

நம்ம ஊர்ப் பழக்கம் ஒண்ணு கூடவே வந்துடுது. செல்போனைப் பறிகொடுத்தாலும் ‘காணாமல் போனது’ன்னு எழுதிக் குடுத்து, ஒரு சி.எஸ்.ஆர் ரசீது (எஃப்.ஐ.ஆர் போடாம புகாரை வாங்கிக்கிட்டதுக்கான ரசீது) வாங்கி, டூப்ளிகேட் சிம் எடுத்துக்கிட்டு வேலையைப் பார்க்கப் போயிடுவோம். எஃப்.ஐ.ஆர்னா கோர்ட்டு, சாட்சி, அலைச்சல்னு பயம். வெளிநாட்டுல அந்த ஒரு வார்த்தை கேஸையே வேறயா மாத்திடும். தொலைஞ்ச பொருளுக்குப் போலீஸ் குற்ற எண் போடாது. குற்ற எண் இல்லைன்னா இன்சூரன்ஸ்காரங்க திருட்டுக்கான பணத்தைத் தரமாட்டாங்க. கேமராப் பதிவைக் கேட்டு வாங்கவும் ஆள் இருக்காது; கடையிலயும் பஸ்லயும் இருக்கிற பதிவு சில நாள்லயோ சில வாரத்துலயோ தானா அழிஞ்சுடும். நாளைக்கு உங்க பாஸ்போர்ட் நகலை வெச்சு எவனாவது சிம்மோ அக்கவுண்ட்டோ திறந்தா, ‘அன்னைக்கே என்கிட்டேருந்து பறிச்சுட்டாங்க’ன்னு காட்ட ஒரு காகிதமும் உங்ககிட்ட இருக்காது.

அதனால நடந்ததை நடந்தபடி சொல்லுங்க. தெரியாம எடுத்தா திருட்டு. தள்ளியோ மிரட்டியோ எடுத்தா அது பறிப்பு, பல நாட்டுல திருட்டைவிடப் பெரிய குற்றம். ஏமாத்தி உங்க கையாலேயே அனுப்ப வெச்சா மோசடி. கத்தியைக் காட்டினான், கத்தி இருக்குன்னு வாயால சொன்னான், கத்தியால கீறினான், இந்த மூணும் வேற வேற குற்றமா ஆகலாம். தெரியாததைக் கூட்டிச் சொல்லாதீங்க. முகம் பார்க்கலைன்னா பார்க்கலைன்னே சொல்லுங்க.

மொழிபெயர்ப்பாளர் விஷயத்துலதான் நம்ம ஆளுங்க அதிகம் மாட்டிக்கிறாங்க. இந்தியப் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் இந்தி பேசுறவரைக் கூப்பிட வாய்ப்பிருக்கு. ‘தமிழ்’னு மொழிப் பேரைச் சொல்லிக் கேளுங்க. பிரிட்டன்லயும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகள்லயும் பாதிக்கப்பட்டவங்களுக்கு இது இலவசம். ஆஸ்திரேலியாவுல 131 450 அடிச்சா போன்லயே கிடைக்கும். லண்டன், பாரிஸ், டொராண்டோவுல வர்ற மொழிபெயர்ப்பாளர் பெரும்பாலும் ஈழத்துக்காரரா இருப்பார். அவர் தமிழ் அருமையான தமிழ், ஆனா நம்ம பேட்டைப் பேச்சு அவருக்குப் புரியணும்னு அவசியமில்ல. ‘செல்லை உஷார் பண்ணிக்கினு பூட்டான்’னா நமக்குத் திருடிட்டான்னு அர்த்தம், அவர் காதுல எச்சரிக்கைன்னு விழும். ‘ஆட்டையப் போட்டான்’, ‘அபேஸ் பண்ணிட்டான்’, ‘கலாய்ச்சான்’, எதுவும் வேண்டாம். திருடினான், பிடுங்கினான், மிரட்டினான், அடிச்சான், தள்ளினான்னு பள்ளிக்கூடத் தமிழ்ல சொல்லுங்க. அவர் ‘களவு’, ‘வெருட்டினது’ன்னு திருப்பிக் கேட்டா அது திருட்டும் மிரட்டலும்தான், பயப்படாம ஆமான்னு சொல்லலாம். ‘ஒருத்தன் ஒண்டி வந்தான்’னு சொல்லாம ‘ஒருத்தன் மட்டும் வந்தான்’னு சொல்லுங்க, ஆள் எண்ணிக்கை தப்பினா சட்டப் பிரிவே மாறலாம்.

வாக்குமூலத்துல இருக்க வேண்டியது: தேதி, மணி, தெருப் பேர், பக்கத்துல இருந்த பஸ் ஸ்டாப் அல்லது கடை, ஆள் உங்களைவிட உயரமா குட்டையா, என்ன உடை, எந்தப் பக்கம் ஓடினான், போன பொருளோட கம்பெனி, நிறம், எண். எழுதி முடிச்சதும் தமிழ்ல திருப்பி வாசிக்கச் சொல்லுங்க. தப்பிருந்தா திருத்தின பிறகுதான் கையெழுத்து. புகார் எண்ணும், எழுதின அதிகாரியோட எண்ணும் வாங்காம வெளியே வராதீங்க.

அவசரத்துக்கு: சிங்கப்பூர், மலேசியா, அமீரகம், கத்தார், பிரிட்டன் 999. குவைத், ஐரோப்பா 112. அமெரிக்கா, கனடா 911. ஆஸ்திரேலியா 000. ஆபத்து முடிஞ்சு புகார் மட்டும் குடுக்கணும்னா பிரிட்டன்ல 101, ஆஸ்திரேலியாவுல 131 444.

போன் போச்சுன்னா முதல்ல சிம்மை நிறுத்துங்க, பேங்க் ஆப் அதுக்கப்புறம். பெரும்பாலானவங்க இந்திய சிம்மை ரோமிங்ல வெச்சு அதுக்குத்தான் ஓ.டி.பி வாங்குறாங்க. சிம் திருடன் கையில உயிரோட இருக்கிற வரைக்கும் பாஸ்வேர்டு மாத்தி பெருசா பிரயோஜனம் இல்ல. வீட்டுல இருக்கிறவங்க அதே கம்பெனி நம்பர்லேருந்து 198 அடிச்சு நிறுத்தச் சொல்லலாம். உங்க பிறந்த தேதி, முகவரி கேட்பாங்க. டூப்ளிகேட் சிம்முக்கு ஆள் நேர்ல போகணும்னு சொன்னா ஊருக்கு வர்ற வரைக்கும் ஓ.டி.பி கிடையாது. அதனால கிளம்புறதுக்கு முன்னாடியே உங்க பேங்க் என்.ஆர்.ஐ கணக்குக்கு வெளிநாட்டு நம்பரைப் பதியவிடுதான்னு கேட்டு வையுங்க, மெயிலையும் சேர்த்துப் பதிஞ்சு வையுங்க.

ஐ.எம்.இ.ஐ எண் (ஒவ்வொரு போனுக்கும் தனியா இருக்கிற அடையாள எண்) கையில இல்லைன்னா போனை நெட்வொர்க்ல முடக்கச் சொல்றது கஷ்டம். பர்மா பஜார்ல பெட்டி, பில் இல்லாம வாங்கின போன்னா இப்பவே *#06# அடிச்சு, வர்ற எண்ணைப் படமெடுத்து வீட்டுக்கு அனுப்புங்க. இந்தியாவுல அரசோட சஞ்சார் சாத்தி தளத்துல முடக்கினா இந்திய நெட்வொர்க்ல மட்டும்தான் அடங்கும். அந்த நாட்டுக் கம்பெனிக்கிட்ட தனியா சொல்லணும்.

இந்தியக் கணக்குல பணம் போயிருந்தா நேரம்தான் எல்லாம். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில போட்ட உத்தரவுப்படி, தப்பு பேங்க்மேலயும் இல்லாம உங்கமேலயும் இல்லாம நடந்த எடுப்பை 3 வேலை நாளுக்குள்ள தெரிவிச்சா நஷ்டம் உங்களுக்கு இல்ல. 4-லேருந்து 7 நாள்னா ஒரு அளவு உங்க தலையில விழும். ஓ.டி.பி-யை நீங்களே சொல்லியிருந்தா, தெரிவிக்கிற வரைக்கும் போனது உங்க பணம்தான். வீட்டிலிருந்து உடனே 1930 (சைபர் மோசடிப் புகார் எண்) அடிக்கச் சொல்லுங்க. யு.பி.ஐ-ன்னா 12 இலக்கப் பரிவர்த்தனை எண், தொகை, நேரம், எந்தக் கணக்குக்குப் போச்சு, இதெல்லாம் எழுதி வெச்சுக்கிட்டு அடிக்கணும். பிரிட்டன் கணக்குன்னா 159 உங்க பேங்குக்கே இணைக்கும். ஏமாத்தி அனுப்ப வெச்ச உள்நாட்டுப் பணத்துக்கு 2024 அக்டோபர் 7 முதல் 85,000 பவுண்ட் வரை திருப்பித் தர விதி இருக்கு, ஆனா கடைசியா அனுப்பினதிலேருந்து 13 மாசத்துக்குள்ள கேட்கணும். சிங்கப்பூர்ல மோசடி உதவிக்கு 1799, மலேசியாவுல 997.

அடி வாங்கியிருந்தா டாக்டர்கிட்ட ‘படியில விழுந்துட்டேன்’னு சொல்லாதீங்க. அடிச்சாங்கன்னு சொல்லி, அதைக் குறிப்புல எழுதச் சொல்லுங்க. காயத்தைப் பக்கத்துல ஒரு காசு வெச்சுப் படமெடுங்க, அளவு தெரியும். மறுநாளும் மூணாம் நாளும் திரும்ப எடுங்க, கன்றிப்போறது அப்பதான் நல்லாத் தெரியும். உடுத்தியிருந்த துணியைத் துவைக்காம காகிதப் பையில வையுங்க. பாலித்தீன்ல வெச்சா ஈரம் கட்டி ஆதாரம் கெட்டுப்போகும். பாலியல் தாக்குதல்னா குளிக்காம முதல்ல ஆஸ்பத்திரி. எச்.ஐ.வி தடுப்பு மாத்திரைகள் 72 மணி நேரத்துக்குள்ள தொடங்கணும், சீக்கிரம்னா அவ்வளவு நல்லது. பிரிட்டன்ல போலீசுக்குப் போகணுமான்னு முடிவு பண்றதுக்கு முன்னாடியே பரிசோதனை செஞ்சு ஆதாரத்தைப் பத்திரமா வைக்கிற மையங்கள் இருக்கு. வன்முறையில காயம்பட்டவங்க அரசு இழப்பீடு கேட்க அங்கே 2 வருஷம் கெடு, போலீசுக்குச் சொல்லியிருந்தாத்தான் கிடைக்கும்.

கேள்வி: கொருக்குப்பேட்டை – பர்மிங்ஹாம்

அண்ணே, கல்யாண நகையை வீட்டுல வெச்சிருக்கோம். இங்க இந்தியக் குடும்பங்க வீட்டைக் குறிவெச்சுத் திருடுறாங்கன்னு சொல்றாங்க. என்ன எழுதி வெச்சுக்கணும்?

ராயபுரம் – லண்டன்

ஆமா தங்கச்சி, ஆசியக் குடும்பங்களோட தங்கத்தைக் குறிவெச்சு நடக்கிற திருட்டைப்பத்திப் பிரிட்டன் போலீஸே எச்சரிக்கை குடுத்திருக்கு. முதல் வேலை, சவரன் கணக்கை விடுங்க. பிரிட்டன்ல ‘சாவரின்’னா 7.98 கிராம் தங்க நாணயம். ‘ஐந்து சவரன் செயின்’னு சொன்னா அஞ்சு காசு கோத்த மாலைன்னு எழுதிக்க இடமிருக்கு. 40 கிராம், 22 காரட், மஞ்சள் தங்கம்னு சொல்லுங்க. என்.எஸ்.சி. போஸ் ரோட்டுல வாங்கின பில் இருந்தா அதுல கிராம் எடை, கல் எடை தனியா, செய்கூலி எல்லாம் இருக்கும். 2023 ஏப்ரலுக்குப் பிறகு வாங்கின ஹால்மார்க் நகையில ஆறு எழுத்து எச்.யு.ஐ.டி எண் (ஒவ்வொரு நகைக்கும் தனியாப் பொறிக்கிற அடையாள எண்) கட்டாயம். அதை உருப்பெருக்கிக் கண்ணாடி வெச்சு படிச்சு எழுதி வையுங்க. அம்மா குடுத்த பழைய நகைக்குப் பில் இருக்காது. ஊருக்கு வரும்போது எடை போட்டு மதிப்புச் சான்று வாங்கிடுங்க.

படம் எடுக்கும்போது நகையை மட்டும் தனியா வெள்ளைத் துணியில வெச்சு ஒரு ஸ்கேலோட எடுங்க, கழுத்துல போட்டபடி ஒண்ணு எடுங்க. கொக்கி, பற்ற வெச்ச இடம், உருவம் பொறிச்ச தாலியோட முன்னும் பின்னும் கிட்டத்துல வேணும். சந்தையில எங்கேயாவது பிடிபட்டா உங்களுதுன்னு அடையாளம் காட்டுறது அந்தப் பற்று வெச்ச இடம்தான்.

வீட்டு இன்சூரன்ஸ்ல ஒரு பொருளுக்கு இவ்வளவுதான்னு ஒரு உச்சவரம்பு இருக்கும். தாலிக்கொடி, ஆரம் மாதிரி அதைத் தாண்டுற ஒவ்வொண்ணையும் தனியாப் பேர் சொல்லிப் பதியணும், ‘மொத்தமா நகை’ன்னு எழுதினா பாதிகூட வராது. விசேஷத்துக்குப் போட்டுக்கிட்டு எடுத்த படத்தை அன்னைக்கே எல்லாருக்கும் தெரியற மாதிரி போடாதீங்கம்மா.

புதுவண்ணை – ஷார்ஜா

வளைகுடா ஆளுங்களுக்கு ரெண்டு விஷயம் சேர்க்கிறேன். முதலாளி பாஸ்போர்ட்டை வாங்கி வெச்சுக்கிறது அமீரகத்துல சட்டவிரோதம். ஆனா புகார் குடுக்காம ஓடிட்டா அவர் முந்திக்கிட்டு ‘ஓடிப்போனவன்’னு எழுதிடுவார், சவூதியில ‘ஹுரூப்’ம்பாங்க. அந்த முத்திரை விழுந்துட்டா பாதிக்கப்பட்டவரே குற்றவாளி வரிசையில நிப்பார். வெளியேறுறதுக்கு முன்னாடியே தூதரகத்துலயோ தொழிலாளர் துறையிலயோ புகார் பதியணும். அமீரகத்துல நம்ம தூதரக உதவி மையம் 800 46342. அரபில எழுதின சமரசக் காகிதத்துல படிச்சுக் காட்டாம கையெழுத்துப் போடாதீங்க; அது பல தடவை ‘எனக்குப் புகார் இல்லை’ங்கிற காகிதமா இருக்கும்.

பாஸ்போர்ட் திருடுபோச்சுன்னா போலீஸ் அறிக்கையோட தூதரகம். அவசரச் சான்றிதழ் இந்தியாவுக்கு ஒரு வழிப் பயணத்துக்கு மட்டும்தான். அங்கேயே தங்கணும்னா மறு பாஸ்போர்ட்னு கேட்டு விண்ணப்பம் போடணும். தெரியாம முதல் காகிதத்தை வாங்கிட்டு வேலையை விட்டவங்க நிறைய. பழைய பாஸ்போர்ட் பிறகு கிடைச்சாலும் அதுல பயணம் செய்யக்கூடாது, அது ரத்தான பாஸ்போர்ட்.

கேள்வி: எண்ணூர் – கோலாலம்பூர்

ஏஜென்ட் சொன்ன வேலை இல்ல, சம்பளமும் இல்ல. பணம் மண்ணடிப் பக்கம் ஒரு ஆபீஸ்ல கட்டினது. இங்கேருந்து சென்னையில புகார் குடுக்க முடியுமா?

தண்டையார்பேட்டை – சிங்கப்பூர்

முடியும் தம்பி. பதிவுபெற்ற ஏஜென்டா இருந்தாலும் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் 18 சதவீத ஜி.எஸ்.டி-யும்தான். ஏஜென்டோட பதிவு எண்ணை வெளியுறவு அமைச்சகத்தோட ஈ-மைகிரேட் தளத்துல பாருங்க. பதிவே இல்லைன்னா 1983 குடிபெயர்வுச் சட்டப்படியே குற்றம்.

2024 ஜூலை 1 முதல் புது குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல (பி.என்.எஸ்.எஸ்), பிரிவு 173-ன்படி மெயில்லயும் தகவல் குடுக்கலாம். ஆனா 3 நாளுக்குள்ள அதுல கையெழுத்துப் போடணும், வெளிநாட்டுல இருக்கிறவருக்கு அங்கேதான் சிக்கல். அதனால பணம் கட்டும்போது கூட இருந்தவர், இல்லைன்னா யார் கணக்குலேருந்து பணம் போச்சோ அவர், புகார்தாரரா போறது நல்லது. அப்பாவே போகலாம். எந்த ஸ்டேஷன்லயும் எல்லைன்னு சொல்லித் திருப்பி அனுப்ப முடியாது, ஜீரோ எஃப்.ஐ.ஆர் போட்டு உரிய ஸ்டேஷனுக்கு மாத்தணும். இருந்தாலும் உங்க வீடு எண்ணூர், அது 2022-லேருந்து ஆவடி ஆணையரகம்; பணம் குடுத்தது மண்ணடி, அது சென்னை மாநகரம். பணம் குடுத்த இடத்து எல்லையிலேயே குடுத்தா அலைச்சல் குறையும். தொகை பெருசுன்னா வேப்பேரி ஆணையர் அலுவலகத்துல மத்தியக் குற்றப்பிரிவு, வேலைவாய்ப்பு மோசடிகளைப் பார்க்கிறது அவங்க. சேப்பாக்கம் எழிலகத்துல அயலகத் தமிழர் நல ஆணையரகத்துலயும் ஒரு மனு குடுக்கச் சொல்லுங்க.

பதியமாட்டேன்னா அந்தப் புகாரையே பதிவுத் தபால்ல துணை ஆணையருக்கு அனுப்பி ரசீதை வையுங்க. அதுக்கப்புறம் மாஜிஸ்திரேட் கோர்ட்டு. எஃப்.ஐ.ஆர் நகல் இலவசம், கேட்டு வாங்கணும்.

புகாரோட சேர்க்க வேண்டியது: பணம் போன பேங்க் ஸ்டேட்மென்ட், வாட்ஸ்அப் பேச்சு (நம்பர் தெரியற மாதிரி, தேதியோட), ஆபர் லெட்டர், டிக்கெட், வீசாப் பக்கம். சுற்றுலா வீசாவுல வேலைக்கு அனுப்பியிருந்தா அந்தப் பக்கம்தான் பெரிய ஆதாரம். அந்தப் போனை மாத்தாதீங்க, வாட்ஸ்அப்பை அழிக்காதீங்க, ‘பணம் திருப்பித் தர்றேன், மெசேஜை டெலீட் பண்ணு’ன்னு ஏஜென்ட் கேட்பார்.

இன்னொண்ணு. தாய்லாந்துக்கு டேட்டா என்ட்ரி வேலைன்னு சொல்லி மியான்மருக்கும் கம்போடியாவுக்கும் கடத்திக்கிட்டுப் போய் ஆன்லைன் மோசடி செய்ய வைக்கிறாங்க. 2022-ல மியான்மர்லேருந்து தமிழ்நாட்டுப் பையன்களை மீட்டாங்க. அப்படி மாட்டிக்கிட்டா இருக்கிற இடத்தோட லொகேஷனையும் பாஸ்போர்ட் படத்தையும் வீட்டுக்கு அனுப்பிட்டு மெசேஜை அழிச்சுடுங்க, அங்கே போனைச் சோதிப்பாங்க. வீட்டுக்காரங்க அன்னைக்கே வெளியுறவு அமைச்சகத்தோட ‘மதத்’ (MADAD) குறைதீர் தளத்துல புகார் பதியணும்.

சிங்கப்பூர்ல புதுசா வந்த பிள்ளைங்க ‘உன் ஏ.டி.எம் கார்டைக் குடு, மாசம் இவ்வளவு தர்றேன்’னு சொல்றவனுக்குக் கார்டையோ சிங்பாஸையோ (சிங்கப்பூர் அரசோட ஆன்லைன் அடையாளக் கணக்கு) குடுத்துடாதீங்க. வேற யாரோ ஏமாந்த பணம் உங்க கணக்கு வழியாப் போகும், கைது உங்களுக்குத்தான். தூதரகத்துலேருந்து பேசுறோம், பாஸ்போர்ட்ல தப்பு இருக்கு, பணம் கட்டுன்னு போன் வந்தாலும் வெச்சுடுங்க. திரையில தூதரக நம்பரே தெரியற மாதிரி செய்வாங்க.

வீட்டுல அம்மா பீரோவுல ஒரு கவர் வெச்சுட்டுக் கிளம்புங்க: பாஸ்போர்ட் முதல் பக்கம், கடைசிப் பக்கம், வீசா, வேலை ஒப்பந்தம், ஏஜென்ட் ரசீது, ஐ.எம்.இ.ஐ எண், சிம் யார் பேர்ல இருக்கு, பேங்கோட வெளிநாட்டு உதவி எண், தங்கியிருக்கிற முகவரி தமிழ்லயும் அந்த நாட்டு மொழியிலயும். முகவரி மாறினா அன்னைக்கே அம்மாவுக்குச் சொல்லி கவர்மேல எழுதச் சொல்லுங்க.